போர்ட் ஒயின் வாங்கப் போகிறீர்களா? லேபிள் முதல் சுங்கச் சோதனை வரை ஒரு வழிகாட்டி

போர்ச்சுகலுக்குச் சுற்றுலா போகும் நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் லிஸ்பனோடு போர்ட்டோவையும் சேர்த்துக்கொள்கிறார்கள். போர்ட்டோ போனால் போர்ட் ஒயின் வாங்காமல் திரும்புவது அபூர்வம். சிக்கல் கடைக்குள் நுழைந்த பிறகுதான் தொடங்குகிறது. ஒரே நிறுவனத்தின் பெயரில் 7 யூரோவுக்கும் பாட்டில் இருக்கும், 90 யூரோவுக்கும் இருக்கும். ரூபி, டானி, எல்.பி.வி. (லேட் பாட்டில்ட் விண்டேஜ்), விண்டேஜ், கொல்யேய்டா என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். விற்பவர் அன்பாகத்தான் பேசுவார். ஆனால் அந்தப் பாட்டில் 35 டிகிரி வெயிலடிக்கும் ஓர் ஊருக்குப் போகிறது என்பதோ, வாரத்துக்கு ஒரு சிறு கிளாஸ் வீதம் பல வாரம் குடிக்கப்படப் போகிறது என்பதோ அவருக்குத் தெரியாது. இந்த விவரங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள்

போர்ச்சுகலின் வடக்கே டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில், சட்டப்படி எல்லை வகுக்கப்பட்ட பகுதியில் விளைந்த திராட்சையிலிருந்து செய்தால் மட்டுமே அது போர்ட். சாறு நொதிக்கத் தொடங்கி இரண்டு மூன்று நாளிலேயே, சர்க்கரை பாதி மீதமிருக்கும்போது, 77 சதவீத வலிமையுள்ள திராட்சைச் சாராயத்தை அதில் ஊற்றுகிறார்கள். மொத்த அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சாராயம்தான். நொதித்தல் அங்கேயே நின்றுவிடும். சர்க்கரை அப்படியே தங்கும். அதனால்தான் இனிப்பும் தூக்கல், போதையும் தூக்கல். சாதாரணச் சிவப்பு ஒயினில் ஆல்கஹால் 13 அல்லது 14 சதவீதம் இருக்கும். போர்ட்டில் பொதுவாக 19 முதல் 22 வரை. ஒயின்தானே என்று பெரிய கிளாஸில் ஊற்றிக் குடிக்கிறவர்கள் அரைமணி நேரத்தில் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

அசலா என்று பார்க்க லேபிளைப் படிக்க வேண்டியதில்லை. பாட்டிலின் கழுத்தில், தக்கைக்கு மேலாக ஒட்டிய எண்ணிட்ட காகித முத்திரை இருக்கும். டோரு, போர்ட்டோ ஒயின்களைக் கண்காணிக்கும் ஐ.வி.டி.பி. என்ற அரசு நிறுவனம், ஒயினைச் சோதித்து ஏற்ற பிறகு கொடுக்கும் முத்திரை அது. கோவாவில் மலிவாகக் கிடைக்கும் 'போர்ட் ஒயின்' இந்தியாவிலேயே செய்யப்படும் இனிப்புச் சிவப்பு ஒயின். அதைக் குடித்துவிட்டு, போர்ட் என்றால் இருமல் மருந்து போலத்தான் இருக்கும் என்று முடிவுகட்டியவர்கள் இன்னொரு முறை முயலலாம்.

2. எத்தனை நாளில் குடித்து முடிப்பீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

போர்ட்டில் பெயர்கள் பல இருந்தாலும் முக்கியக் குடும்பங்கள் இரண்டுதான். ஒன்று, மரப்பீப்பாயில் பல ஆண்டுகள் காற்றோடு மெல்ல உறவாடி முதிர்வது. இதுதான் டானி. நிறம் செங்கல் போலவோ தேன் போலவோ மாறியிருக்கும். உலர்பழம், வறுத்த பருப்பு, காய்ச்சிய சர்க்கரை ஆகியவற்றின் மணம் வரும். மற்றொன்று, காற்றுப் படாமல் காத்து, கருஞ்சிவப்பு நிறத்தையும் பழச்சுவையையும் தக்கவைப்பது. ரூபி, எல்.பி.வி., விண்டேஜ் மூன்றும் இந்தப் பக்கம்.

காற்றிலேயே முதிர்ந்த டானி, திறந்த பிறகும் காற்றுக்கு அஞ்சாது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஒரு மாதத்துக்கு மேலும் நன்றாகவே இருக்கும். விண்டேஜ் நேர் எதிர். திறந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். ரூபி இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். எல்.பி.வி. வடிகட்டியதாக இருந்தால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும், வடிகட்டாததாக இருந்தால் நாலைந்து நாள்.

இப்போது பெயர்களைப் பார்ப்போம்.

ரூபி: மலிவானது, இளமையானது. 'ரிசர்வ்' என்று சேர்ந்திருந்தால் ஒரு படி மேல்.

எல்.பி.வி.: ஒரே ஆண்டின் அறுவடை. நான்கு முதல் ஆறு ஆண்டு காத்திருந்து பாட்டிலில் அடைப்பார்கள். கொடுக்கும் காசுக்கு நிறைவு தருவதில் இதற்கு இணை குறைவு என்பது என் எண்ணம். கையால் இழுத்துத் திறக்கும் தொப்பி வைத்த தக்கை என்றால் பெரும்பாலும் வடிகட்டியது. முழுத் தக்கையைத் திருகி எடுக்க வேண்டியது என்றால் அடியில் வண்டல் இருக்க வாய்ப்புண்டு.

விண்டேஜ்: மிகச் சிறந்த ஆண்டுகளில் மட்டும் நிறுவனங்கள் அறிவிப்பது. 2011, 2016, 2017 ஆகியவை பரவலாக அறிவிக்கப்பட்டவை. இரண்டு மூன்று ஆண்டுக்குள் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். பிறகு பாட்டிலுக்குள்ளேயே இருபது, முப்பது ஆண்டு முதிரும்.

10, 20, 30, 40 ஆண்டு டானி: பல ஆண்டு ஒயின்களின் கலவை. 20 என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு துளிக்கும் இருபது வயது என்று பொருளல்ல. இருபது வயதுக்குரிய குணம் அதில் இருக்கிறது என்று சுவைத்துப் பார்க்கும் குழு ஏற்றிருக்கிறது, அவ்வளவே.

கொல்யேய்டா: ஒரே ஆண்டின் டானி. குறைந்தது ஏழு ஆண்டு மரத்தில் இருந்திருக்க வேண்டும்.

மிகப் பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. கொல்யேய்டாவிலும் ஆண்டு அச்சிட்டிருக்கும், விண்டேஜிலும் அச்சிட்டிருக்கும், எல்.பி.வி.யிலும் அச்சிட்டிருக்கும். பிறந்த ஆண்டு, திருமண ஆண்டு என்று பரிசுக்குத் தேடுகிறவர்கள் ஆண்டை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். வகைப் பெயரைப் பார்த்த பிறகே ஆண்டைப் பாருங்கள். டானியும் கொல்யேய்டாவும் வாங்கும்போது பாட்டிலில் அடைத்த ஆண்டையும் பின்லேபிளில் தேடுங்கள். அடைத்த பிறகு இவை மேம்படுவதில்லை. அண்மையில் அடைத்ததே நல்லது.

குளிரூட்டிய பாதாள அறை இல்லாத நம் வீடுகளில் விண்டேஜை இருபது ஆண்டு காப்பது நடக்காத காரியம். உடனே திறந்தாலும் மூன்று நாளில் தீர்க்க எட்டுப் பேராவது வேண்டும். எனவே முதல்முறை போகிறவருக்கு என் பரிந்துரை: ஒரு 10 ஆண்டு டானி, ஓர் எல்.பி.வி. கையில் காசு இருந்தால் 20 ஆண்டு டானி. விண்டேஜை அங்கேயே ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

3. விசாவும் தேதியும்

போர்ச்சுகலுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 12 வயது வரை 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு 15 நாள் என்று விதி சொல்லும், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும்.

ஆவணங்கள்: திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும், இரண்டு வெற்றுப் பக்கமாவது உள்ள பாஸ்போர்ட். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. போக வர டிக்கெட் முன்பதிவு, தங்குமிட உறுதி, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, வேலை பார்க்கும் இடத்தின் விடுப்புக் கடிதம். காப்பீட்டின் தேதிகள் பயண நாள்கள் அனைத்தையும் முழுதாக மூடுகின்றனவா என்று இரண்டு முறை பாருங்கள். ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் தடுமாறும்.

திராட்சை அறுவடை செப்டம்பரில் சூடுபிடித்து அக்டோபர் தொடக்கம் வரை நீளும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் மே, ஜூனிலேயே விசா வேலையைத் தொடங்குங்கள். கோடையில் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே பாடு. ஜூன் 23 இரவு போர்ட்டோவில் புனித ஜான் திருவிழா. கொண்டாட்டம் பிடித்தவர்களுக்கு அருமை. அமைதியாக ஒயின் சுவைக்க வருகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம், அறை வாடகையும் எகிறும். ஜூலை, ஆகஸ்டில் டோரு பள்ளத்தாக்கு 40 டிகிரியைத் தொடும். வேலூரிலிருந்து தப்பித்து அங்கே போய் வேக வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

4. கையாவில் சுவைக்கும் நாள்

போர்ட் ஒயின் கிடங்குகள் போர்ட்டோ நகரத்துக்குள் இல்லை. ஆற்றுக்கு எதிர்க்கரையில் விலா நோவா டி கையா என்ற தனி ஊரில் இருக்கின்றன. முதலாம் லூயிஸ் பாலத்தின் கீழ்த்தளம் வழியாக நடந்தால் நேரே ஆற்றங்கரைக் கிடங்குகளில் இறங்கலாம். மேல்தளத்தில் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் ஓடுகிறது. ஜார்டிம் டு மோரு நிலையத்தில் இறங்கினால் சரிவில் கீழே வரலாம். டெய்லர்ஸ், கிரஹாம்ஸ் போன்ற நிறுவனங்களின் கிடங்குகள் மேட்டில் இருக்கின்றன. அவற்றை முதலில் முடித்துவிட்டு ஆற்றங்கரைக்கு இறங்குவது முழங்காலுக்கு நல்லது.

சுற்றிக்காட்டி இரண்டு மூன்று வகை சுவைக்கக் கொடுக்கும் சாதாரணச் சீட்டு சுமார் 20 முதல் 30 யூரோ. பழைய டானி, விண்டேஜ் சேர்ந்தது என்றால் இன்னும் மேலே போகும். இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். வார இறுதியில் ஆங்கிலச் சுற்றுகள் முன்பே நிரம்பிவிடும். ஒரே நாளில் இரண்டு கிடங்குக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் எல்லாமே இனிப்பாகத்தான் தெரியும், நாக்கு வேலைநிறுத்தம் செய்துவிடும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். துப்புவதற்கு வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு செய்தி. கிடங்குச் சுற்று எல்லா நிறுவனத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். பீப்பாய், இருட்டு, ஒரு காணொளி. இரண்டாவது இடத்தில் சுற்றை விட்டுவிட்டு, நேராகச் சுவைக்கும் கூடத்துக்குப் போய், 10 ஆண்டு டானியையும் எல்.பி.வி.யையும் பக்கத்துப் பக்கமாக வைத்துக் கேளுங்கள். மேலே சொன்ன இரண்டு குடும்பமும் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். காசும் மிஞ்சும்.

5. திராட்சைத் தோட்டம் பார்க்க வேண்டுமென்றால்

போர்ட்டோவின் சாவ் பென்ட்டு அல்லது கம்பன்யா நிலையத்திலிருந்து, டோரு பள்ளத்தாக்கில் உள்ள பின்யாவ் வரை ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். சில ரயில்களில் ரேகுவாவில் மாற வேண்டும். போகும்போது வலப்பக்க ஜன்னல், வரும்போது இடப்பக்கம். ஆறு அந்தப் பக்கம்தான். ஒரு நாளில் சில ரயில்களே ஓடுவதால், இறங்கியதும் திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கார் எடுக்கிறவர்கள் ஓட்டுநரைக் குடிக்க விடாதீர்கள். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்பது சட்ட வரம்பு. இருபது சதவீத ஒயினில் அது கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். வாங்கிய பாட்டிலை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போவதும் கூடாது.

6. வாங்குதல்

தோராய விலை: சாதாரண ரூபி, டானி 6 முதல் 9 யூரோ. எல்.பி.வி. 12 முதல் 20. 10 ஆண்டு டானி 15 முதல் 28. 20 ஆண்டு 40க்கு மேல். விண்டேஜ் 60லிருந்து எங்கு வேண்டுமானாலும் போகும். சாதாரண வகைகளும் எல்.பி.வி.யும் சூப்பர்மார்க்கெட்டில் கிடங்குக் கடையைவிட மலிவாகக் கிடைப்பதுண்டு. கொல்யேய்டா, பழைய டானி, சிறு நிறுவனங்களின் சரக்கு என்றால் ஒயினுக்கென்றே இருக்கும் கடைக்குப் போங்கள். 37.5 செ.லி. (375 மி.லி.) அரைப்பாட்டிலும், சில நிறுவனங்களில் 50 செ.லி. (அரை லிட்டர்) பாட்டிலும் கிடைக்கும். இவற்றைக் கட்டாயம் கேளுங்கள். அடுத்த பகுதியில் காரணம் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் என்ற முறையில் வரியைத் திரும்பப் பெறலாம். அதற்குக் குறைந்தபட்சத் தொகை உண்டு. பல கடையில் சிறிது சிறிதாக வாங்கினால் அந்த வரம்பைத் தொட முடியாது, ஒரே கடையில் வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டைக் காட்டி அதற்கான படிவத்தைக் கேளுங்கள். பிறகு கேட்டால் கையை விரிப்பார்கள். விமான நிலையத்தில், பாட்டில் இருக்கும் பெட்டியைப் பயணச்சீட்டு முகப்பில் ஒப்படைப்பதற்கு முன்பு சுங்கத்தில் இதை முடிக்க வேண்டும். பெட்டி உள்ளே போன பிறகு, காட்டுவதற்குப் பொருள் இல்லை என்றாகிவிடும். இதற்காக ஒரு மணி நேரம் முன்கூட்டியே கிளம்புங்கள். இருபது யூரோ பாட்டில் ஒன்றுக்காக இந்த அல்லாட்டம் வேண்டாம்.

7. விமானமும் சுங்கமும்

இந்தியாவுக்குள் ஒரு பயணி தீர்வையில்லாமல் கொண்டுவரக்கூடிய மதுவின் அளவு 2 லிட்டர். எந்த வகை மதுவாக இருந்தாலும் மொத்தமாக அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர். மூன்று என்றால் 2.25, வரம்பு தாண்டிவிட்டது. இரண்டு முழுப் பாட்டிலும் ஒரு 50 செ.லி. பாட்டிலும் என்றால் சரியாக 2 லிட்டர். இரண்டு முழுப் பாட்டிலோடு ஓர் அரைப்பாட்டில் என்றாலும் பாதுகாப்பு. வந்திறங்கும் விமான நிலையத்தின் தீர்வையில்லாக் கடையில் வாங்கும் விஸ்கியும் இதே 2 லிட்டருக்குள் அடக்கம். இதை மறந்து மாட்டுகிறவர்கள் நிறைய. வரம்பை மீறினால் சிவப்பு வழியில் போய் அறிவிக்க வேண்டும். மதுவுக்கான தீர்வை மிகக் கடுமையானது, பாட்டில் விலையையே விழுங்கிவிடும். ரசீதுகளைப் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் வைத்திருங்கள்.

விமான விதியில் கவலை குறைவு. 24 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவுக்குத்தான் ஆளுக்கு 5 லிட்டர் என்ற கட்டுப்பாடு, போர்ட் அதற்குக் கீழே. ஆனால் 100 மி.லி.க்கு மேற்பட்ட திரவம் என்பதால் கைப்பையில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். போர்ட்டோவிலிருந்து இந்தியாவுக்கு நேரடி விமானம் இல்லை, எங்காவது மாற வேண்டும். புறப்படும் விமான நிலையக் கடையில் வாங்கினால், முத்திரையிட்ட பையைப் பிரிக்காதீர்கள், ரசீது உள்ளேயே தெரியும்படி இருக்கட்டும். மாறும் இடத்தில் மறுபடி சோதனை இருந்தால், பிரித்த பை குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். தனித்தனி டிக்கெட்டில் பயணம் செய்து, இடையில் பெட்டியை எடுத்து மறுபடி போடுகிறவர்கள் கடையில் வாங்குவதையே தவிர்க்கலாம்.

ஒரு பாட்டில் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் எடை வரும், அதைக் கணக்கில் வையுங்கள். காற்றுக்குமிழி உறையில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கிடையே வையுங்கள். ஓரத்தில் வைக்கக் கூடாது. மதுவிலக்கு உள்ள குஜராத், பீகார் வழியாக ஊர் திரும்புகிறவர்கள் அந்த மாநில விதியை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

8. வீட்டில்

சமையலறைப் பரண் வேண்டவே வேண்டாம். வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான மூலை எதுவோ அங்கே வையுங்கள். தொப்பித் தக்கை உள்ளதை நிமிர்த்தி வைக்கலாம். முழுத் தக்கை உள்ளதைப் படுக்க வைக்க வேண்டும். திறந்த பிறகு எல்லாமே குளிர்பதனப் பெட்டிக்குள்.

வண்டலுள்ள பாட்டிலைத் திறப்பதற்கு முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து, மறுநாள் அசைக்காமல் மெதுவாக வேறு பாத்திரத்துக்கு இறுத்துக்கொள்ளுங்கள். தக்கை பொடிந்தால் பதற வேண்டாம், மெல்லிய துணியில் வடிகட்டினால் போதும். டானியைச் சற்றுக் குளிர்ச்சியாக, 12 முதல் 16 டிகிரியில் பரிமாறுங்கள். ரூபியும் விண்டேஜும் 18ஐத் தாண்டக் கூடாது. அறை வெப்பத்தில் குடிக்கச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள். அவை எழுதப்பட்ட அறை வேறு, சென்னையின் அறை வேறு. ஊற்றும் அளவு 60 மி.லி. போதும்.

9. எதோடு சாப்பிடுவது

விதி ஒன்றுதான்: இனிப்புப் பலகாரத்தைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். பலகாரம் ஜெயித்துவிட்டால் ஒயின் புளிப்பாகவும் காட்டமாகவும் தெரியும். பாகில் ஊறிய குலாப் ஜாமூன், ஜாங்கிரி எல்லாம் இதனால் அடிபட்டுப்போகின்றன.

உப்பும் இனிப்பும் சேர்வதுதான் விண்டேஜுக்கும் எல்.பி.வி.க்கும் பேர் வாங்கித் தந்தது. ஸ்டில்டன் போன்ற நீலப்பூஞ்சை படர்ந்த சீஸோடு விண்டேஜ் சேர்வது ஆங்கிலேயர் வழக்கம். வாடை பிடிக்காதவர்கள் முதிர்ந்த செடார் சீஸை எடுத்துக்கொள்ளலாம். எல்.பி.வி.க்கு 70 சதவீத கருப்புச் சாக்லேட் கச்சிதம். பால் சாக்லேட் வேண்டாம், இனிப்பு முந்திக்கொள்ளும். டானிக்கு வறுத்த பாதாம், வால்நட், அத்திப்பழம், உலர்ந்த பேரீச்சை. போர்ட்டோவில் இருக்கும்போதே பஸ்டெல் டி நாட்டா என்ற முட்டைக் கஸ்டர்டு டார்ட்டையும் 10 ஆண்டு டானியையும் சேர்த்துச் சுவையுங்கள். மேலே கருகிய சர்க்கரைக்கும் டானிக்கும் அப்படி ஒரு பொருத்தம். செர்ரா டா எஸ்ட்ரேலா என்ற செம்மறி ஆட்டுப்பால் சீஸ், உள்ளே கூழாக உருகி நிற்கும். அதற்கும் டானியே நல்ல துணை.

காரச் சாப்பாட்டோடு மட்டும் முயலாதீர்கள். இருபது சதவீத ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், இரண்டும் கெடும். போர்ட்டோக்காரர்களே தங்கள் ஊரின் புகழ்பெற்ற இறைச்சி அடுக்கு ரொட்டியான ஃபிரான்செசின்யாவைப் பீர் வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். போர்ட் வரும் நேரம் தட்டுகளை எடுத்த பிறகு. நம் வீட்டிலும் சாப்பாடு முடிந்து, வாயில் காரம் அடங்கி, கால் மணி நேரம் போகட்டும். பிறகு ஒரு கிண்ணம் வறுத்த முந்திரியோடு டானியை எடுத்து வையுங்கள்.